போன் மாறலாம், எண் மாறக்கூடாது

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய ஒரு விவசாயக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் பாடசாலைக் கட்டடத்தில் சில வாரங்கள். பிறகு நலன்புரி நிலையத்தில் ஒரு கொட்டில். 1995 இல் தென்மராட்சிக்கு ஓட்டம், அங்கிருந்து வன்னிக்கு. திரும்பி வந்து உறவினர் வளவில் ஒரு மூலை. இப்போது குத்தகைக் காணியில் வெங்காயத் தோட்டம். முப்பத்தைந்து ஆண்டுகளில் இந்தக் குடும்பத்தின் விலாசம் எத்தனை தடவை மாறியிருக்கும்! மாறிய ஒவ்வொரு தடவையும் கடிதங்கள் தவறின, பதிவுகள் விடுபட்டன. "தேடி வந்தோம், நீங்கள் அங்கே இல்லை" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே பலருக்கு அலுத்துவிட்டது.

2002 யுத்தநிறுத்தத்தின் பின்னர்தான் யாழ்ப்பாணத்தில் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியது. வன்னிக் கிராமங்களுக்கு அது 2009 க்குப் பிறகே வந்து சேர்ந்தது. அந்நாட்களில் எடுத்த எண்ணை இன்றும் வைத்திருப்பவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். இடம் மாறினாலும் எண் மாறவில்லை. காணி விடுவிப்புப் பற்றிய கூட்டத்துக்குக் கிராம அலுவலர் அழைப்பது அந்த எண்ணுக்கு. அஸ்வெசும பணமோ உரமானியமோ வங்கிக் கணக்கில் விழுந்தால் குறுஞ்செய்தி வருவது அந்த எண்ணுக்கு. மருதனார்மடத்து வியாபாரியும், கனடாவில் இருக்கும் தமையனும், பிள்ளையின் ஆசிரியரும் அழைப்பது அதே எண்ணுக்குத்தான். சொந்த விலாசம் இல்லாதவர்களுக்கு அந்தப் பத்து இலக்கங்களே விலாசம்.

ஆனால் போன் பழுதாகிப் புதியது வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது என்ன? "எது நல்ல போன்? எந்த சிம்முக்குக் கூட டேட்டா?" எண்ணைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போன் வாங்கிய இரண்டாம் நாள், பழைய எண் கைவிட்டுப் போன பிறகே அதன் அருமை தெரிகிறது. ஆகவே இக்கட்டுரை எண்ணிலிருந்து தொடங்குகிறது. போன் பிறகு வரும்.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

இலங்கையில் சிம் அட்டை ஒவ்வொன்றும் ஒருவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் பதிவாகிறது. பணம் கட்டுபவர் யார், பாவிப்பவர் யார் என்பதல்ல விடயம். பதிவில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர். எமது மக்களில் பலரிடம் இருக்கும் சிம் அவர்களுடைய பெயரில் இல்லை. அடையாள அட்டை தொலைந்திருந்த காலத்தில் அயலவரின் அட்டையில் எடுத்தவர்கள் உண்டு. இப்போது பிரான்சில் இருக்கும் மகன் முன்பு எடுத்துக்கொடுத்த சிம்மைப் பாவிப்பவர்கள் உண்டு. இறந்துபோன, அல்லது காணாமற்போன கணவரின் பெயரில் உள்ள சிம்மைப் பத்துப் பதினைந்து வருடமாகப் பாவித்துவரும் பெண்கள் உண்டு. போன் வேலை செய்யும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை.

தொல்லை தொடங்குவது போன் மாற்றும் நாளில். பழைய போனில் இருந்த பெரிய சிம் புதிய போனின் சிறிய துவாரத்துக்குள் போகாது. மிகப் பழைய சிம் சில 4ஜி சேவைக்கு உதவாது. இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே: அதே எண்ணுக்குப் புதிய சிம் எடுப்பது. அதை எடுக்கப் போனால் உரிமையாளர் அடையாள அட்டையுடன் வரவேண்டும் என்பார்கள். உரிமையாளர் பிரான்சில் இருக்கிறார், அல்லது உயிருடன் இல்லை. போன் கிணற்றுக்குள் விழுந்தாலும் களவு போனாலும் இதே கதைதான். எமக்குத் தெரிந்த ஒரு தாய் இப்படி ஒரு சிம்மைத் தொலைத்துவிட்டு, வங்கிக்கும் தொலைபேசி நிறுவனத்துக்கும் பிரதேச செயலகத்துக்குமாக மூன்று நாள் அலைந்தார். மூன்று நாள் தோட்டக் கூலி போனது. பஸ் காசு வேறு. எண் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆகவே போன் வாங்க நினைக்கு முன்பே, பழைய போன் உயிருடன் இருக்கும்போதே, பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அடையாள அட்டையின் கீழ் எத்தனை இணைப்புகள் பதிவாகியுள்ளன என்பதை அறிய #132# என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டலாம். அது சரிவராவிட்டால் நிறுவனத்தின் கிளைக்கு அட்டையுடன் நேரில் போகலாம். தெருவோர ரீலோட் கடை இதற்கு உதவாது. சிம் இன்னொருவர் பெயரில் இருந்தால், அவர் ஊரில் இருக்கும்போதே இருவருமாகப் போய்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் விடுமுறைக்கு வரும் நாட்களை இதற்குப் பயன்படுத்தலாம். உரிமையாளர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றுடன் போய் என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு இது மனதை வருத்தும் கேள்வி என்பதை அறிவோம். மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் காணாமற்போனமைக்கான சான்றிதழை வைத்திருந்தால் அதைக் காட்டிக் கேட்கலாம். அதுவும் கைகூடாவிட்டால் சொந்தப் பெயரில் ஒரு சிம் எடுத்து, பழைய எண் இயங்கும்போதே வங்கியிலும் ஏனைய இடங்களிலும் புதிய எண்ணைப் பதிவது நல்லது. இரண்டு எண்ணும் ஒரு வருடமாவது சேர்ந்து இயங்கட்டும்.

மறுபக்கமும் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டையில் நீங்கள் அறியாத சிம்கள் பதிவாகியிருக்கக்கூடும். போட்டோப்பிரதி கொடுத்த இடங்கள் எத்தனையென்று எம்மில் யாருக்கு நினைவு இருக்கிறது? அந்த எண்ணிலிருந்து யாராவது குற்றம் செய்தால் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் உள்ளவரையே. எமது மக்களுக்கு இதைவிடத் தெளிவாக விளக்கத் தேவையில்லை. தெரியாத சிம் இருந்தால் உடனே கிளையில் சொல்லித் துண்டியுங்கள்.

இன்னுமொன்று. முற்கொடுப்பனவு சிம்மை நெடுநாள் ரீலோட் செய்யாமல் வைத்திருந்தால் நிறுவனம் அதை நிறுத்திவிடும். சில காலத்தின் பின் அதே எண் வேறொருவருக்கு விற்கப்படலாம். அப்போது உங்கள் வங்கியின் இரகசிய இலக்கம் முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகும். பாவிக்காத சிம்முக்கும் இடைக்கிடை ஒரு சிறு தொகை போடுங்கள். எத்தனை நாளுக்குள் போடவேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

பழையதில் இன்னும் உயிர் இருக்கிறதா?

"போன் செத்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் போன்களில் பல உண்மையில் சாகவில்லை. பற்றரி களைத்துவிட்டது, அல்லது சேமிப்பு நிரம்பிவிட்டது. அவ்வளவுதான்.

போனின் பற்றரி லிதியம் அயன் வகையைச் சேர்ந்தது. பல போன்களில் ஏறத்தாழ 500 தடவை முழுமையாகச் சார்ஜ் செய்த பிறகு, அது புதிதாக இருந்தபோது பிடித்த மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் பிடிக்கும். நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் செய்தால் இது ஒன்றரை வருடக் கணக்கு. வெயிலும் சூடும் அதை இன்னும் வேகமாகக் கெடுக்கும். தகரக் கூரையின் கீழ் மதிய நேரத்தில் சார்ஜ் போட்டபடி வைக்கும் போனின் பற்றரி, ஓட்டு வீட்டில் இருக்கும் போனின் பற்றரிக்கு முன்பே போய்விடும். கொட்டிலில் இருப்பவர்கள் இரவிலோ அதிகாலையிலோ சார்ஜ் போடுவது நல்லது. தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. பற்றரி மட்டும் பழுதென்றால் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு புதிய போனின் விலையில் ஒரு சிறு பகுதிதான். மலிவான போலிப் பற்றரிகள் கடைகளில் தாராளமாக உண்டு. எனவே மாற்றித்தருபவரிடம் எழுத்தில் சில மாத உத்தரவாதம் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ஆனால் பற்றரி ஊதியிருந்தால், அதாவது போனின் முதுகு பிதுங்கி அல்லது கண்ணாடி ஒரு பக்கம் கிளம்பி இருந்தால், அன்றே பாவனையை நிறுத்துங்கள். ஊதிய பற்றரி தீப்பற்றக்கூடியது. அமுக்கிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஊசியால் குத்திக் காற்றை எடுக்கப் பார்ப்பதும் மிக ஆபத்து.

போன் ஆறுதலாக இயங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவியும் காணொளிகள். காலை வணக்கப் படங்களைச் சொல்லவே வேண்டாம். அமைப்புகளில் தானாக இறங்குவதை நிறுத்திவிட்டு, தேவையற்றதை அழித்தால், கைவிடப்பட்ட போன் இன்னும் ஒரு வருடம் உழைக்கலாம். சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு வயர் போட்டுப் பாருங்கள். பிறகு துவாரத்துக்குள் தோட்டத்துச் செம்மண் அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். போனை நிறுத்திவிட்டு, காய்ந்த மரக் குச்சியால் மெதுவாகக் கிளறினால் போதும்.

இறைப்பு வேலையில் போன் தண்ணீருக்குள் விழுவது எமக்குப் புதிதல்ல. உடனே அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. அரிசியால் பயன் இல்லை. அரிசித் தூளும் உமித் துகளும் துவாரத்துக்குள் போய்க் கேடு செய்யும். 2024 இல் ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடவேண்டாம் என்று தன் பாவனையாளர்களுக்கு அறிவுறுத்தியது. போனை நிறுத்தி, துவாரம் கீழ்நோக்க மெதுவாகத் தட்டி நீரை வெளியேற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது வையுங்கள். ஈரம் காயுமுன் சார்ஜ் போடவேண்டாம். வெயிலில் வைக்கவும் வேண்டாம்.

எந்த நிலையில் பழைய போனை விட்டுவிடலாம்? 4ஜி பிடிக்காத போன் என்றால் விடத்தான் வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பழைய அன்ட்ரொய்ட் பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. 2025 தொடக்கத்தில் 4.4 ஆம் பதிப்புக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுத்தியது. வங்கிச் செயலிகள் இதில் இன்னும் கண்டிப்பானவை. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பழைய போனில் வங்கி வேலை பார்ப்பது திறப்பை வாசற்படியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவது போன்றது.

வாங்குவதென்றால்

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது போன் விலைகள் ஏறின. 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்துகொண்டது. ஆகவே இது சில்லறை விடயமல்ல. ஒரு போகத்து இலாபத்தைத் தின்னக்கூடிய செலவு.

மலிவானது எப்போதும் இலாபம் என்று நினைக்கவேண்டாம். ஓர் உதாரணத்துக்கு: 25,000 ரூபாப் போன் ஒன்றரை வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 1,390 ரூபா. 40,000 ரூபாப் போன் நான்கு வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 830 ரூபா. எனவே கடைக்காரரிடம் கமராவைப் பற்றிக் கேட்குமுன் இதைக் கேளுங்கள்: பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் எத்தனை வருடத்துக்கு வரும்? கண்ணாடி உடைந்தால் மாற்ற எவ்வளவு? பற்றரி எங்கே கிடைக்கும்? நினைவகம் 4 ஜீபிக்கும் சேமிப்பு 64 ஜீபிக்கும் குறையாமல் இருக்கட்டும். சேமிப்பு 128 என்றால் நல்லது. 5ஜி க்காக மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. உங்கள் ஊர்க் கோபுரம் 5ஜி தராவிட்டால் போனில் அது இருந்து ஆவதென்ன? இரண்டு சிம் போடும் வசதி மட்டும் கட்டாயம் வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும். சில போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போடமுடியாது. திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

எந்தப் போனானாலும், காசு கொடுக்குமுன் *#06# என்று அழுத்துங்கள். திரையில் 15 இலக்கம் வரும். அது போனின் அடையாள இலக்கம். ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்பது தெரியவரும். பதிவில்லாத புதிய கருவிகளை 2025 ஜனவரி இறுதியிலிருந்து வலையமைப்புகள் ஏற்கமாட்டா என்று ஆணைக்குழு அறிவித்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று கள்ளமாகக் கொண்டுவந்த போனை வாங்கினால் கையில் மிஞ்சுவது கமரா மட்டுமே. திரையில் வரும் இலக்கமும் பெட்டியில் உள்ள இலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதப்படும் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் போன்களிலும் இதே கவனம் தேவை. அங்கே ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் வாங்கிய போன் அந்நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். கனடாவில் 2017 டிசம்பர் முதல் புதிய போன்களைப் பூட்டாமலே விற்கவேண்டும் என்பது விதி. எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. அனுப்புமுன் வேறொரு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை அதிலிருந்து நீக்கிவிட்டு அனுப்பவும் சொல்லுங்கள். கணக்கு நீக்கப்படாத போன் இங்கே வந்து திறக்காமல் கிடக்கும். இங்கே பாவித்த போன் வாங்கும்போதும் விற்பவர் உங்கள் கண்முன்னே கணக்கை நீக்கித் தரவேண்டும். பெட்டியும் பற்றுச்சீட்டும் இல்லாத பாவித்த போன் களவுப் பொருளாக இருக்கலாம். வேண்டாம்.

தவணைமுறை பற்றி ஒரு சொல். நுண்கடன் எமது கிராமங்களில், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில், என்ன செய்தது என்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். வாராந்தத் தவணை கட்டும் கடனில் போன் வாங்குவதையும், நகை அடைவு வைத்துப் போன் வாங்குவதையும் நாம் வன்மையாகத் தடுப்போம். பிள்ளையின் படிப்புக்கு அவசரம் என்றால், அயலில் ஒருவரின் நல்ல நிலையிலுள்ள பழைய போனைக் கேட்டு வாங்குவது கௌரவக் குறைவல்ல. வீட்டில் வயதானவருக்கு ஸ்மார்ட் போன் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். அம்புலன்சுக்கு 1990, விவசாய ஆலோசனைக்கு 1920, அனர்த்த வேளையில் 117. இவற்றை அழைக்கப் பொத்தான் போனே போதும். அதன் பற்றரி நாட்கணக்கில் நிற்கும்.

எந்த இணைப்பு?

ஹட்ச் 2018 இல் எதிசலாத்துடன் சேர்ந்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. இதனால் ஐந்தாக இருந்த நிறுவனங்கள் மூன்றாகிவிட்டன: டயலொக், எஸ்.எல்.ரி. மொபிடெல், ஹட்ச். எது நல்லது என்று கேட்பவர்களுக்கு எமது பதில் எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் படுத்துறங்கும் இடத்தில் எது இழுக்கிறதோ அது. விளம்பரத்தில் உள்ள வரைபடத்தை நம்பாதீர்கள். மூன்று நிறுவனச் சிம்களும் அயலில் யாரிடமாவது இருக்கும். அவர்களை வீட்டுக்கு அழைத்து, உள்ளே, குசினியில், தோட்டத்துக் கிணற்றடியில் நின்று கதைத்துப் பாருங்கள். பகலில் மட்டும் பார்க்கவேண்டாம். இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில், எல்லோரும் ஒரே நேரத்தில் பாவிக்கும்போது எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். விடுவிக்கப்படும் சொந்தக் காணிக்குத் திரும்பும் எதிர்பார்ப்பில் இருப்பவர்கள் அங்கே போகும் நாளிலும் இதைச் செய்து பார்க்கவேண்டும். நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த பகுதிகளில் கோபுரங்கள் தூரத்தில் இருக்கலாம்.

அடுத்தது, முற்கொடுப்பனவா பிற்கொடுப்பனவா என்ற கேள்வி. மாதச் சம்பளக்காரருக்குப் பிற்கொடுப்பனவு வசதி. கணக்குத் தெளிவாக இருக்கும், சிலவேளை மலிவும்கூட. எமது வருமானம் மாதாமாதம் வருவதில்லை. வெங்காயம் கிண்டியபோது வரும், நெல் வெட்டியபோது வரும். இடையில் ஒன்றுமில்லை. பில் அதைப் பார்க்காது. நிலுவை ஏறினால் இணைப்பு துண்டிக்கப்படும், எண்ணும் போகும், கடன் மட்டும் பெயரில் நிற்கும். ஆகவே இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்கு முற்கொடுப்பனவே பொருத்தம் என்பது எமது தீர்மானமான கருத்து. இலவசமாக ரவுட்டர் தருகிறோம், மலிவாகப் போன் தருகிறோம் என்று வீடுதேடி வருபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இடையில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும்?" பதிலை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம். தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை.

டேட்டாப் பொதி எடுக்கும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். சில பொதிகளில் பாதிக்குமேல் நள்ளிரவுக்குப் பிறகு மட்டுமே பாவிக்கக்கூடியது. அதிகாலை நான்கு மணிக்கு இறைப்புக்கு எழும்பும் ஒருவர் நள்ளிரவில் விழித்திருந்து என்ன பார்க்கப் போகிறார்? சில பொதிகள் ஒரு செயலிக்கு மட்டும் உரியவை. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் மட்டும் கதைப்பவர்களுக்கு அது இலாபம். கணக்கு ஏறத்தாழ இப்படி: வாட்ஸ்அப்பில் ஒரு மணித்தியாலம் குரலில் கதைத்தால் முப்பது நாற்பது எம்பி போகும். அதையே முகம் பார்த்துக் கதைத்தால் சில நூறு எம்பி. யூரியூப் நடுத்தரத் தெளிவில் ஒரு மணித்தியாலம் ஓடினால் அரை ஜீபி அளவு, உயர் தெளிவில் ஒரு ஜீபிக்கு மேல். கனடா அழைப்பை முதல் ஐந்து நிமிடம் முகம் பார்த்து, மிகுதியைக் குரலில் கதைத்தால் மாதச் செலவு எவ்வளவோ குறையும்.

ரீலோட் போட்ட காசு காரணமில்லாமல் குறைகிறது என்பது பரவலான முறைப்பாடு. பெரும்பாலும் அழைப்பிசை, சோதிடம், பகிடி, செய்தி என்று நாளாந்தம் சில ரூபா அறவிடும் சேவை ஒன்று கைதவறித் தட்டியதில் இணைந்திருக்கும். நாளுக்கு ஐந்து ரூபா என்றாலும் வருடத்துக்கு 1,825 ரூபா. நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து, "என்னென்ன சேவை இணைந்திருக்கிறது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்று தமிழிலேயே சொல்லலாம்.

இனி, இரண்டு சிம் போடும் போன் ஏன் என்பதற்கு வருவோம். பழைய எண்ணுக்குரிய நிறுவனம் உங்கள் இடத்தில் இழுக்கவில்லை, அல்லது வேறொரு நிறுவனத்தின் டேட்டா மலிவு என்று வைத்துக்கொள்வோம். பழைய எண்ணை விட்டுவிட்டுத் தாவ வேண்டியதில்லை. அது முதலாவது இடத்தில் இருக்கட்டும். அழைப்பும் வங்கிச் செய்தியும் அதற்கே வரட்டும். டேட்டாவுக்கான சிம் இரண்டாவது இடத்தில். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எறியலாம். வாட்ஸ்அப்பும் பழைய எண்ணிலேயே தொடர்ந்து இயங்கும்.

கைமாறும் நாள்

புதிய போன் கையில் வந்ததும் பழையதைக் கடையில் மாற்றுக்குக் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மாதமாவது பழையது வீட்டில் இருக்கட்டும்.

உங்கள் பழைய போனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். காணி உறுதியின் படம் இருக்கலாம். அதன் மூலப்பிரதி எந்த இடப்பெயர்வில் போனதென்று யாருக்கும் தெரியாது. பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கடிதங்கள், இறந்தவர்களின் ஒரேயொரு படம், அவர்களுடைய குரல் பதிவு. இவற்றைப் புதிய போனுக்கு மாற்றுவதோடு நிற்காமல் ஒரு மெமரி கார்டிலும் பிரதி எடுங்கள். உறுதியின் படத்தைத் தாளில் அச்சிட்டு நம்பிக்கையான உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடல்களை வைத்திருக்க விரும்பினால், புதிய போனில் வாட்ஸ்அப்பைத் திறக்குமுன் பழையதில் காப்புப்பிரதி எடுத்துவிட வேண்டும். வரிசை மாறினால் உரையாடல்கள் புதிய போனுக்கு வந்துசேரா.

இதற்கெல்லாம் ஒரு கூகுள் கணக்கு வேண்டும். வழக்கமாகக் கடைப் பொடியன் ஐந்து நிமிடத்தில் ஒன்று திறந்துதருவான். பெயரும் கடவுச்சொல்லும் அவனுக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியாது. அடுத்த போன் வாங்கும்போது எல்லாம் போச்சு. வீட்டில் படித்த பிள்ளையைக்கொண்டு உங்கள் பழைய எண்ணைக் கொடுத்துக் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைக் குடும்பப் பத்திரங்கள் வைத்திருக்கும் கொப்பியில் எழுதி வையுங்கள். போனுக்கு வரும் ஆறு இலக்க இரகசிய எண்ணை வங்கி என்று சொல்லிக் கேட்டாலும், அஸ்வெசும என்று சொல்லிக் கேட்டாலும், பரிசு விழுந்தது என்று சொன்னாலும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள். உண்மையான அலுவலர் அதைக் கேட்கமாட்டார்.

பழைய போனை விற்கவோ, திருத்தவோ கொடுக்குமுன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். விற்பதானால் கணக்கை நீக்கி, அமைப்புகளில் சென்று முழுவதையும் அழியுங்கள். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் திருத்தக் கடைகளிலிருந்து வெளியேறி மிரட்டலில் முடிந்த சம்பவங்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். திருத்தக் கொடுக்கும்போது முடிந்தால் பக்கத்திலேயே இருந்து செய்வியுங்கள்.

எதற்கும் உதவாத போனையும் ஊதிய பற்றரியையும் குப்பையோடு எரிக்கவோ, பாழ்கிணற்றில் போடவோ வேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் ஒரு கிணற்றுக்குள் போட்டது அயற்கிணற்றுக்கும் போகும். ஊதிய பற்றரியைக் காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில், பிள்ளைகளுக்கு எட்டாமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருந்து, நகரத்துக்குப் போகும்போது நிறுவனத்தின் கிளையில் இலத்திரனியல் கழிவு எடுக்கிறார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.